தோட்டப்பயறு மூடிய மேடு

கல் உடைத்து முடித்துப் பூட்டிக் கிடந்த பாறைமடையில் மரம் நட ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டதும் முதல் ஆளாகப் போய் நின்றவள் குமாரி. பனச்சமூடு சந்தையில் அதைப் பேசாத வாய் இல்லை. அந்த மடைக்காரனை ஊர் பார்க்க மண்ணை வாரித் தூற்றிச் சபித்தவள் அவள். இப்போது அவனுடைய வேலைக்கே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறாள் என்றால் யார்தான் பேசமாட்டார்கள்? வீட்டில் முடை இருக்கும் என்றார்கள். வயசாகி ரோஷம் அற்றுப்போயிற்று என்றார்கள். 

அவளுக்கு அங்கே ஒரு காரியம் இருந்தது. மடையின் ஓரத்தில் குவித்துப் போட்டிருக்கும் அந்த மண்மேட்டுக்குள் எங்கேயோ அவள் மகன் ஷைஜு கிடக்கிறான். அவனுக்கு மறுபடியும் ஒரு தென்னை நிற்க வேண்டும். அதைத் தவிர அந்தக் குன்றில் அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

குமாரி பிறந்தது ஆரியங்கோட்டில், ரப்பர் மரங்களுக்கு நடுவில். கல்யாணமாகிப் பனச்சமூட்டுக்கு இந்தப் பக்கம் குன்றடியில் இருந்த சதாசிவன் வீட்டுக்கு வந்த பிறகும் அவள் கையை விட்டு வெட்டுக்கத்தி போகவில்லை. விடியும் முன்பே எழும்பி, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு எஸ்டேட்டுக்குள் போவாள். மரம் மரமாக நின்று பட்டையைச் சீவி, சிரட்டையை நேராக்கி, அடுத்த மரத்துக்குப் போவாள். வெயில் ஏறியதும் அதே வழியில் திரும்ப நடந்து பாலை வாளியில் ஊற்றி எடுப்பாள். ரப்பர் வெட்டுகிறவர்களுடைய ஆயுசு அப்படித்தான். ஒவ்வொரு மரத்தின் மூட்டிலும் ஒவ்வொரு நாளும் ஒரு தடவையாவது அவர்கள் கால் பட்டிருக்கும்.

மரங்களுக்கு இடையில் எஸ்டேட்காரர்கள் தோட்டப்பயறு படர விட்டிருப்பார்கள். மூன்று மூன்று இலையாக, உள்ளங்கையை விடப் பெரிசாக இருக்கும் கொடி. எந்த வெயிலுக்கும் வாடாது. வேர் ஆழமாகப் போய் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நிற்பதைக் கண்டால் அதற்குப் பொறுக்காது. எதையாவது பிடித்து ஏறப் பார்க்கும். வெட்டுகிறவர்கள் மரத்துக்கு மரம் போகும்போதே ஏறி வரும் தலைப்பைப் பிடித்துத் தரையில் இழுத்துப் போட்டுவிட்டு நடப்பார்கள். அதை ஒரு வேலை என்று யாரும் சொன்னதில்லை. முகத்தில் விழும் முடியை ஒதுக்குவது போலக் கை தன்பாட்டுக்குச் செய்யும்.

சதாசிவன் கொத்தனார். அதிகம் பேசாதவர். மூத்தவள் ரேஷ்மி, இளையவன் ஷைஜு. ஐடிஐ முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த வருஷம், ஒரு மழைநாளில் வெள்ளறடை ரோட்டில் ஷைஜுவின் பைக் சறுக்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அந்தப் பக்கத்தில் செத்தவர்களை அவரவர் விளையிலேயே, வீட்டைச் சுற்றிய நிலத்திலேயே, அடக்குவது பல குடும்பங்களில் வழக்கம். ஷைஜுவையும் வீட்டு விளையின் தென்மூலையில் அடக்கினார்கள். பதினாறு கழிந்ததும் தலைமாட்டில் ஒரு தென்னம்பிள்ளை நட்டார்கள். அதன் பிறகு அதைத் தென்னை என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. ‘ஷைஜுவுக்குத் தண்ணி விட்டாச்சா’ என்றுதான் கேட்பார்கள். காற்றடித்தால் ‘ஷைஜுவுக்க ஓலை ஒடிஞ்சிட்டுது’ என்பார் சதாசிவன். துக்கம் போகவில்லை என்றாலும், காலையில் தண்ணீர் ஊற்ற ஒரு இடம் இருந்தது.

தென்னை முதல் பாளை விட்ட வருஷம் பாறைமடை வந்தது. முதலில் குன்றின் அந்தப் பக்கம். பிறகு இந்தப் பக்கம். வெடி போடும்போதெல்லாம் அடுக்களையில் பாத்திரம் நடுங்கும். சுவர் கீறிற்று, கிணறு வற்றிற்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக விளையை மடைக்காரனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்கள். கல்தூசி பட்டுச் சதாசிவனுக்கு மூச்சு இளைக்கத் தொடங்கியது. ரேஷ்மியைப் பெண் பார்க்க வந்தவர்கள் முற்றத்தில் விழுந்து கிடந்த கல்லைப் பார்த்துவிட்டு, உட்காராமலே போனார்கள்.

விளை சதாசிவன் பேரில் இருந்தது. தென்மூலையைத் தொடமாட்டோம், வேலி கட்டித் தருவோம் என்று மடையின் மேனேஜர் வாயால் சொன்னதை நம்பி அவர் கையெழுத்துப் போட்டார். குமாரி வேண்டாம் என்று அழுதாள். அவர் கேட்கவில்லை என்பதைவிட, அவருக்கு வேறு வழி தெரியவில்லை என்பதுதான் சரி.

கொஞ்ச காலம் தென்மூலை மட்டும் தனியாக நின்றது. சுற்றிலும் வெட்டியிறக்கிய பள்ளம். நடுவே ஒரு துண்டு மண். அதன்மேல் ஒரு தென்னை. பார்த்தால் பல் விழுந்த வாயில் மிஞ்சி நிற்கும் ஒற்றைப் பல் போலிருக்கும். ஒருநாள் குமாரி பால் எடுத்துக்கொண்டிருந்தபோது, கூட வெட்டும் பொன்னப்பன் மேட்டிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்தார். வாளியை அப்படியே போட்டுவிட்டு அவள் ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது தென்னை குறுக்கே விழுந்து கிடந்தது, பச்சைக் குலையோடு. ஷைஜுவை அடக்கிய மண்ணோடு மேல்மண்ணை வாரி டிப்பரில் ஏற்றி மண்மேட்டில் கொட்டி முடித்திருந்தார்கள். மேல்மண்ணைத் தனியாகச் சேர்த்து வைக்க வேண்டும், மடை பூட்டும்போது அதைப் பரப்பி மரம் நட வேண்டும் என்பது சட்டமாம். ஜேசிபி ஓட்டிய ஆளுக்கு ஒன்றும் தெரியாது. ‘ஆரும் சொல்லேல்லயே அக்கா’ என்று அவன் கும்பிட்டான். மேனேஜர், தவறிப்போயிற்று என்றான்.

அன்றுதான் அவள் மண்ணை வாரித் தூற்றினாள். அன்று ராத்திரி சதாசிவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, “நல்லதுக்குன்னு நெனச்சாக்கும் எழுதிக்குடுத்தேன்” என்றார். 

அவரோடு அவள் சண்டைக்காரி ஆகிவிடவில்லை. பனச்சமூட்டில் வாங்கிய சின்ன வீட்டில் அவருக்குச் சோறு போட்டாள், மூச்சுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தாள், ரேஷ்மியின் கல்யாணத்தில் பக்கத்தில் நின்றாள். ஷைஜுவின் பேரை மட்டும் அவர் முன்னால் அதன் பிறகு அவள் சொல்லவில்லை. ஊரில் அவன் வயசுப் பையன்கள் யாரையும் மக்கா என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள்.

பல வருஷம் கழித்து மடை பூட்டியது. குழியில் தண்ணீர் பச்சையாகத் தேங்கிக் கிடந்தது. மரம் நட்டுக் கொடுத்தால்தான் கம்பெனி கணக்கு முடித்துக்கொண்டு போகமுடியும் என்று வந்தபோதுதான் ஆள் எடுத்தார்கள்.

வேலையை மேற்பார்க்க வந்தவன் லிஜோ. பொழியூர்க்காரன், முப்பது வயசு இருக்கும். கடல் தெரிந்த குடும்பத்தில் தோட்டப் படிப்பு படித்தவன் அவன் ஒருவன்தான். மண்மேட்டைச் சரித்து, படி படியாக வெட்டி, கயிற்று வலை விரித்து, குழி எடுத்து, நாவல், மருது, புங்கு, இலுப்பை என்று நடச் சொன்னான். குமாரி இரண்டு நாள் பேசாமல் வேலை செய்துவிட்டு மூன்றாம் நாள் அவனிடம் போய் நின்றாள்.

“சாரே, நான் ஒரு தெங்கு வைக்கட்டா?”

தென்னை கூடாது, காட்டு மரம்தான் என்று அவன் சொன்னான். அவள் அங்கேயே நின்றாள். பிறகு மேட்டைக் கை காட்டி, “எனக்க மோன் இதுக்குள்ளயாக்கும் கெடக்கான்” என்றாள்.

லிஜோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். “நாங்க இருந்த வீட்டுக்கு மேல இப்ப வள்ளம் போவுது அக்கா,” என்றான். “கடலு எடுத்துட்டு. அம்மை குளோரி இப்பவும் அலையப் பாத்து அடுக்களை அங்ஙன, மாட்டுக்கொட்டில் இங்ஙனன்னு காட்டுவா. வையுங்க. நான் பாக்கல்ல.”

பொன்னப்பனும் அங்கே கூலிக்கு வந்திருந்தார். கம்பெனிக்காரன் கேட்டால் காக்கா எச்சமிட்டு முளைத்த தெங்கு என்று சொல்லிவிடலாம் என்றார். தேங்காயை விழுங்கிய காக்கா எது என்று எல்லாரும் சிரித்தார்கள். குமாரியும் சிரித்தாள். மேட்டில் எந்த இடத்தில் அவன் இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே தென்பக்கத்து விளிம்பில், பழைய விளை இருந்த திசை பார்த்து நட்டாள்.

நட்ட பிறகுதான் மழை வந்தது. வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை தொடங்கிய முதல் வாரத்திலேயே மேடு கரையத் தொடங்கியது. கயிற்று வலைக்கு அடியில் மண் அரித்து ஓடியது. சிவந்த தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி மடைக்குழிக்குள் விழுந்தது. மற்றவர்கள் கரை ஒதுங்கி நின்று டீ குடித்தபோது குமாரி நனைந்துகொண்டு அதையே பார்த்திருந்தாள். போவது யாருடைய மண் என்று அவளுக்குத்தான் தெரியும். இன்னும் ஒரு மழைக்காலம் இப்படிப் போனால் அவன் முழுவதுமாக அந்தப் பச்சைத் தண்ணீருக்குள் போய்விடுவான். அங்கே எதை நட முடியும்?

மறுநாள் எஸ்டேட்டிலிருந்து ஒரு கட்டு தோட்டப்பயற்றுக் கொடியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். பொன்னப்பன் பார்த்தார்.

“எலே, குமாரி இஞ்சயும் ரப்பர் வெட்டப் போறாளாக்கும்.”

“வெட்டுனா சிரட்டையில காஞ்ச ஒட்டுப்பாலு ஒனக்குத் தாறேன்,” என்றாள் அவள்.

லிஜோவுக்கும் அது நல்ல யோசனையாகத் தோன்றியது. பயறு வகை மண்ணுக்குச் சத்து கொடுக்கும் என்று அவனும் படித்திருக்கிறான். ஆபீசுக்குப் போன் செய்து கேட்டான். மண் நின்றால் சரி, பச்சை வந்தால் சரி என்றார்கள். பொன்னப்பனும் மற்றப் பெண்களும், எல்லாரும் ரப்பர் வெட்டிப் பழகியவர்கள்தானே, ஒரே வாக்காக இதைவிட நல்லது இல்லை என்றார்கள். கொடியைக் கணுக்கணுவாக நறுக்கி, வேர் பிடிக்கவைத்து, படிகள் எல்லாவற்றிலும் நட்டார்கள்.

தோட்டப்பயறு பிடித்தது. அடுத்த மழைக்குத் தண்ணீர் தெளிந்து இறங்கியது. குமாரி குனிந்து அந்தத் தண்ணீரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மண்ணே இல்லை. அன்று வீட்டுக்கு வரும்வழியில் அவள் பழம்பொரி வாங்கி வந்தாள். என்ன விசேஷம் என்று சதாசிவன் கேட்டதற்கு, சும்மா தின்ன ஆசையாக இருந்தது என்றாள்.

வேலை நடந்த நாள் எல்லாம் அவள் மேட்டில் நடந்துகொண்டே இருந்தாள். களை பறிக்க, உரம் போட, குழி தடம் எடுக்க. போகிறபோக்கில் நாவலில் ஏறியதை இழுத்தாள், மருதில் சுற்றியதை அவிழ்த்தாள், தென்னையின் குருத்தைத் தொட வந்த தலைப்பைப் பிடித்துக் கீழே போட்டாள். அவள் மட்டுமல்ல, எல்லாரும் அப்படித்தான். யாரும் அதைக் கவனித்ததில்லை. தென்னை இரண்டு புது ஓலை விட்டது.

பிறகு நடவு முடிந்தது என்று கம்பெனி ஆட்களை நிறுத்தியது. இனி மழை பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அதே சமயத்தில் ரேஷ்மியின் மாப்பிள்ளை ஜெயதாஸ் கூப்பிட்டார். கொல்லத்துக்கு அப்பால் அவர்கள் வீடு. ரேஷ்மி உண்டாகியிருந்தாள், கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குமாரி உடனே கிளம்பினாள்.

கிளம்பும்போது அவள் சொல்லாத ஏற்பாடு இல்லை. சதாசிவனின் மருந்தைப் பக்கத்து வீட்டு ஷிஜியிடம் சொன்னாள். கோழியைச் சொன்னாள். எஸ்டேட்டில் தன் வெட்டுக்கு ஆள் சொன்னாள். கோடை வந்தால் தென்னைக்கு ஒரு குடம் தண்ணீர் விடும்படி லிஜோவிடம் சொன்னாள். கொடியை இழுத்துவிட வேண்டும் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அது மறந்துபோனதல்ல. அப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆள் நடக்காத தோட்டத்தை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லையே.

அங்கே அவள் பல மாசம் இருக்கும்படி ஆயிற்று. பெண்குழந்தை பிறந்தது. குறைமாசம், ஆனாலும் தேறிவிட்டது. லிஜோவை அவ்வப்போது கூப்பிட்டாள். மழை போதாத மாசத்தில் ஒரு தடவை தானே குடம் சுமந்து போய்த் தென்னை மூட்டில் ஊற்றியதாக அவன் சொன்னான். பிறகு கேட்டைப் பூட்டிச் சாவியை வாச்மேனிடம் கொடுத்துவிட்டார்கள், கீழே ரோட்டில் நின்று பார்ப்பதுதான் என்றான். “ஒக்க பச்சையாக் கெடக்கு அக்கா. ஒரு துண்டு மண்ணு வெளிய தெரியல்ல.” ரேஷ்மியின் போனுக்கு ஒரு படமும் அனுப்பினான்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு குமாரி அந்தப் படத்தைப் பார்த்தாள். மேடு முழுக்கப் பச்சைப் போர்வை போர்த்தியது போல் இருந்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. பிறகு விரலால் படத்தைப் பெரிதாக்கித் தென்பக்கத்து விளிம்பைத் தேடினாள். பச்சைதான் தெரிந்தது.

“தெங்கக் காணல்லயே மோளே.”

“எலைக்கு எடையில நிக்கும் அம்மா,” என்றாள் ரேஷ்மி.

அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். நினைக்க விரும்பினாள்.

திரும்பி வந்த மறுநாளே மேட்டுக்குப் போனாள். லிஜோ திறந்திருந்த கேட்டடியில் நின்றிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். இத்தனை சீக்கிரம் இவ்வளவு பச்சை வேறெங்கும் கண்டதில்லை என்று சொல்லிப் படம் எடுத்தார்களாம். வேலை முடிந்ததாக எழுதியாயிற்று. எல்லாம் குமாரியக்காவின் கைராசி என்றான். அவள் தலையை ஆட்டிக்கொண்டே அவனைத் தாண்டி ஏறினாள்.

முழங்கால் வரை கொடி. அதற்குள் காலை விட்டு விட்டுத்தான் ஏற வேண்டியிருந்தது. ஏறும்போது பாதத்தில் என்னவோ ஒடிந்தது. குனிந்து இலையை விலக்கினாள். நாவல். காய்ந்து சுள்ளியாக நின்றது. பக்கத்தில் மருது, அதுவும் சுள்ளி. அவள் அதன்பிறகு குனியவில்லை. ஒவ்வொரு அடியிலும் ஒடியும் சத்தம் கேட்டுக்கொண்டே விளிம்புக்குப் போனாள்.

அங்கே கொடி சின்னக் குடிசை மாதிரி குவிந்திருந்தது. இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்து அறுத்தாள். அறுக்க அறுக்க உள்ளே கயிறு கயிறாக வந்தது. ஓலைகளை எல்லாம் சேர்த்துக் கட்டி ஒரு பக்கமாக வளைத்துப் போட்டிருந்தது. குருத்தைப் பிடித்தாள். இழுக்காமலே கையோடு வந்தது. அடிப்பக்கம் அழுகிக் கறுத்திருந்தது.

லிஜோ பின்னால் வந்து நின்றான்.  “நான் தெனமும் கீழ நின்னு பாத்தேனே அக்கா. பச்சையாத்தானே கெடந்துது,” என்றான். 

குமாரி குருத்தைக் கீழே வைத்தாள். “ஒனக்க மேல குத்தமில்ல மக்கா,” என்றாள். “நானாக்கும் சொமந்து கொண்டுவந்தது.”

வீட்டுக்கு வந்தபோது சதாசிவன் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கையெல்லாம் கொடிச்சாறு பிசுபிசுக்க நின்றவளைப் பார்த்து என்னடி என்றார். குமாரி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“ஷைஜுவுக்க தெங்கு பட்டுப்போச்சு.”

அந்தப் பேரை அவள் வாயால் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. சதாசிவன் எழும்பப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தெங்கு வைத்ததை, மண் ஓடியதை, பயறு நட்டதை. அப்படி ஒரு தெங்கு அங்கே நின்றது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். கேட்டு முடித்துவிட்டு அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்:

“நல்லதுக்குன்னு நெனச்சுத்தானே நட்டே.”

குமாரி அவரைப் பார்த்தாள். இதே சொல்லை அவர் ஒருநாள் சுவரிடம் சொன்னார்.  அவர் அதை நினைத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. குத்திக்காட்டத் தெரியாத மனுஷன். அவள் போய் அவர் நாற்காலி ஓரத்தில் தரையில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அடுப்பு பற்றவில்லை. ஷிஜிதான் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

கம்பெனி கேட்டைக் கடைசியாகப் பூட்டும் நாளில் லிஜோ தகவல் சொன்னான். சதாசிவன் தானும் வருகிறேன் என்றார். மேடு ஏறுவதற்குள் பலமுறை நின்றார். விளிம்பில் குமாரி அறுத்த இடம் தெரியவே இல்லை. கொடி அதை மறுபடியும் மூடியிருந்தது.

“இன்னொண்ணு வைப்பமா?” என்று கேட்டார் சதாசிவன்.

“ஆரு வந்து இழுத்து விடுவா? இன்னையோட கேட்டு பூட்டிருவானுவ.”

“அப்ப இத ஒக்க அறுத்துக் களஞ்சா?”

“மழைக்கு மண்ணு நிக்காது. அவனும் சேந்து கொளத்துக்குள்ள போவான்.” அவள் கொடியைக் காலால் ஒதுக்கினாள். “கெடக்கட்டு. பிடிச்சாவது வச்சிருக்குல்ல.”

 சதாசிவன் இளைப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு, வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். மூச்சுக்குக் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவர் குனிந்து, தென்னை நின்ற இடத்தைக் கையால் தடவிப் பார்த்து, மூடியைத் திறந்து ஊற்றினார். தண்ணீர் அந்தப் பெரிய இலைகளின் மேல் உருண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சொட்டி உள்ளே போயிற்று. மண்ணில் விழுந்ததா என்று இரண்டு பேரும் காது கொடுத்து நின்றார்கள். கீழே லிஜோ சாவியோடு காத்துக்கொண்டிருந்தான்.